எந்த வோல்டேஜ், எந்த கரண்ட்? மின்தடைக் கணக்கும் பவர் கணக்கும்

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது. வீட்டு கீசரில் 230 வோல்ட், 2000 வாட் என்று எழுதியிருக்கிறது. அதன் கரண்டையும் மின்தடையையும் எப்படிக் கணக்கிடுவது? லோ வோல்டேஜ் வந்தால் கீசர் அதிக கரண்ட் இழுக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறாரே, உண்மையா? பழைய 60 வாட் குண்டு பல்பை மல்டிமீட்டரில் வைத்தால் 65 ஓம்தான் காட்டுகிறது, கணக்குப் போட்டால் 880 ஓம் வருகிறது, இதில் எது சரி? மின்தடை கூடினால் சூடு கூடும் என்று ஒரு சூத்திரமும், குறையும் என்று இன்னொரு சூத்திரமும் சொல்வது ஏன்? கடைசியாக, இதே கணக்கைத் தண்ணீர் மோட்டாருக்கும் போடலாமா?

ஐந்தும் தனித்தனிக் கேள்விகள் போலத் தெரிகின்றன. ஆனால் ஐந்திலும் சிக்கல் ஒரே இடத்தில்தான். சூத்திரம் பள்ளியிலேயே மனப்பாடம் ஆகிவிடுகிறது. அதில் போட வேண்டிய வோல்டேஜ் எந்த இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ளது, கரண்ட் அதே பொருள் வழியாக அதே நேரத்தில் ஓடுவதுதானா, வோல்டேஜ் ஏறி இறங்கும்போது அந்தப் பொருளில் எது மாறாமல் நிற்கிறது என்பதை யாரும் அழுத்திச் சொல்லித் தருவதில்லை. அதைப் பார்க்காமல் எண்களைப் போட்டால், கூட்டல் பெருக்கல் எல்லாம் சரியாக இருந்தும் விடை தப்பாக வரும்.

அடிப்படை இரண்டு வரிதான்:

மின்தடை = வோல்டேஜ் ÷ கரண்ட்
பவர் = வோல்டேஜ் × கரண்ட்

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். முதல் வரியை இரண்டாவதில் பொருத்தினால் இன்னும் இரண்டு வடிவம் கிடைக்கும்: பவர் = கரண்ட் × கரண்ட் × மின்தடை; பவர் = வோல்டேஜ் × வோல்டேஜ் ÷ மின்தடை. மில்லி ஆம்பியரில் அளந்திருந்தால் ஆயிரத்தால் வகுத்து ஆம்பியராக்கிவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள். கிலோ ஓமாக இருந்தால் ஆயிரத்தால் பெருக்கி ஓமாக்குங்கள். மாணவர்கள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கீசரை எடுத்துக்கொள்வோம். 2000 ÷ 230 = 8.7 ஆம்பியர். மின்தடை 230 ÷ 8.7, அதாவது ஏறத்தாழ 26.4 ஓம். நேராக 230 × 230 ÷ 2000 என்று போட்டாலும் 26.45 என்றே வரும். 8.7 ஆம்பியர் என்று தெரிந்த உடனே, இதை 6 ஆம்பியர் சாக்கெட்டில் ஏன் செருகக் கூடாது, 16 ஆம்பியர் பாயின்ட் ஏன் வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு எலிமென்ட்டின் இரண்டு முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் 26 ஓம் அக்கம்பக்கத்தில் காட்ட வேண்டும். தயாரிப்பில் வாட் கொஞ்சம் கூடக்குறைய இருக்க அனுமதி உண்டு என்பதால் 25 முதல் 29 ஓம் வரை எது வந்தாலும் கவலைப்பட வேண்டாம். எதுவும் காட்டாமல் திறந்த சுற்றாகக் காட்டினால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. எலிமென்ட் முனைக்கும் அதன் வெளி உலோக உறைக்கும் நடுவே ஏதாவது ஓம் காட்டினால் அதுதான் ஆபத்து; உள்ளே காப்பு கெட்டு ஈரம் ஏறியிருக்கிறது, அந்த எலிமென்ட்டை மாற்றியே ஆக வேண்டும். இந்தச் சோதனையில் முதல் விதி, மீட்டர் ஓமில் இருக்கும்போது சுற்றில் மின்சாரமே இருக்கக் கூடாது. ஓம் அளக்க மீட்டர் தன் சொந்த பேட்டரியிலிருந்து ஒரு சிறு கரண்டை அனுப்புகிறது. மெயின்ஸ் உள்ள இடத்தில் அதைத் தொட்டால் மீட்டரும் போகும், கையும் போகலாம்.

இப்போது லோ வோல்டேஜ். வோல்டேஜ் 200-க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். கீசருக்குள் இருப்பது நைக்ரோம் கம்பி. நிக்கலும் குரோமியமும் கலந்த இந்த உலோகத்துக்கு ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் 1906-இல் காப்புரிமை பெற்றார். இன்றைக்கும் அயர்ன் பாக்ஸ், டோஸ்டர், கீசர் என்று சூடு தரும் சாதனங்களில் அதுவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் சிறப்பு, சூடேறினாலும் மின்தடை பெரிதாக மாறாது. நூறு டிகிரி கூடினால் ஒரு சதவீதம் மாறுமோ என்னவோ, அவ்வளவுதான். ஆக இங்கே மாறாமல் நிற்பது மின்தடை. 200 ÷ 26.45 = 7.56 ஆம்பியர். பவர் 200 × 7.56 = 1512 வாட். கரண்ட் குறைந்துதான் போகிறது, கூடவில்லை. கவனியுங்கள், வோல்டேஜ் 13 சதவீதம் குறைந்ததற்கு பவர் 24 சதவீதம் குறைந்துவிட்டது. வோல்டேஜ் இரண்டு முறை பெருக்கப்படுவதால் வரும் விளைவு இது.

இது குளியலறையில் எப்படித் தெரியும் என்பதையும் கணக்கிட்டுவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4186 ஜூல் வேண்டும். 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுபோக 15 × 30 × 4186, அதாவது சுமார் 18 லட்சத்து 84 ஆயிரம் ஜூல். ஒரு வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல். எனவே 2000 வாட்டில் 942 நொடி, பதினாறு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1512 வாட்டில் 1246 நொடி, இருபத்தொரு நிமிடம். தொட்டியிலிருந்து வெளியே கசியும் சூட்டைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். செலவாகும் மின்சாரமோ இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அரை யூனிட்டுக்குச் சற்று மேல். லோ வோல்டேஜில் கீசர் ஓடினால் பில் எகிறும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. நேரம்தான் அதிகம் ஆகும்.

அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது முழுப் பொய்யா? இல்லை. அவர் சொல்வது வேறு சாதனங்களுக்குப் பொருந்தும். கம்ப்யூட்டர், டிவி, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் ஏசி போன்றவற்றுக்குள் இருக்கும் மின்னணுச் சுற்று, வெளியே வோல்டேஜ் என்னவாக இருந்தாலும் உள்ளே தேவையான பவரை எடுத்துக்கொண்டே இருக்கும். அங்கே மாறாமல் நிற்பது பவர். 200 வாட் எடுக்கும் சாதனம் 230 வோல்ட்டில் சுமார் 0.87 ஆம்பியர் இழுத்தால், 200 வோல்ட்டில் ஒரு ஆம்பியர் இழுக்கும். தண்ணீர் மோட்டாரும் ஏறக்குறைய இப்படித்தான்: தலையில் இருக்கும் சுமை குறையாததால், லோ வோல்டேஜில் கூடுதல் கரண்ட் இழுத்து, அதன் காயில் (கம்பிச்சுருள்) சூடேறிக் கருகும். கோடையில் மோட்டார் கருகுவதைப் பலமுறை பார்த்தவர்கள் அந்தப் பாடத்தை எல்லாச் சாதனத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். எல்இடி பல்பில் கதை மூன்றாவது விதம். அதன் டிரைவர், அதாவது உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று, எல்இடி வழியாகப் போகும் கரண்டை ஒரே அளவில் பிடித்து வைக்கப் பார்க்கும். அதனால்தான் நல்ல எல்இடி பல்பு லோ வோல்டேஜிலும் மங்குவதில்லை. ஒரே வோல்டேஜ் இறக்கம், மூன்று விதமான விடை. சூத்திரம் மூன்றிலும் ஒன்றுதான்.

சரி, குண்டு பல்புக்கு வருவோம். உங்கள் ஐந்து கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் மீட்டரும் பொய் சொல்லவில்லை, கணக்கும் பொய் சொல்லவில்லை. 230 × 230 ÷ 60 = 882 ஓம் என்பது எரிந்துகொண்டிருக்கும் பல்பின் மின்தடை. 65 ஓம் என்பது அணைந்து குளிர்ந்து கிடக்கும் பல்பின் மின்தடை. உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை எரியும்போது 2300, 2400 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகிறது. உலோகம் சூடேற ஏற அதற்குள் அணுக்களின் அதிர்வு கூடி, எலெக்ட்ரான்கள் அடிக்கடி சிதறடிக்கப்படும், மின்தடை ஏறும். டங்ஸ்டனில் இந்த ஏற்றம், அறை வெப்பத்திலிருந்து எரியும் வெப்பத்துக்குப் போகும்போது பதின்மூன்று, பதினான்கு மடங்கு. மல்டிமீட்டர் அனுப்பும் கரண்டோ மில்லி ஆம்பியர் கணக்கில்தான். அது இழையை வெதுவெதுப்பாகக் கூட ஆக்காது.

இதிலிருந்தே இன்னொரு விஷயமும் விளங்கும். சுவிட்சைப் போட்ட அந்த நொடியின் தொடக்கத்தில் இழை குளிர்ந்துதானே இருக்கிறது? 230 ÷ 65 = 3.5 ஆம்பியர். எரியும்போது ஓடுவது 0.26 ஆம்பியர்தான். அதுவும் 230 என்பது மாறுமின்னோட்டத்தின் சூட்டுக்குச் சமமான சராசரி அளவு. அலையின் உச்சி 325 வோல்ட் வரை போகிறது. உச்சியில் சுவிட்ச் விழுந்தால் முதல் வீச்சு 5 ஆம்பியரைத் தொடும். நைந்துபோன இழை சுவிட்ச் போடும்போதே பளிச்சென்று மின்னிப் ஃபியூஸ் ஆவது அதனால்தான். வீட்டு மின்சாரத்தில் கை வைக்காமல் இதைச் செய்து பார்க்க வேண்டுமானால் பைக் இண்டிகேட்டர் பல்பு ஒன்று போதும். 12 வோல்ட் 10 வாட் பல்புக்குக் கணக்குப்படி 14.4 ஓம், மல்டிமீட்டரில் வைத்தால் ஒன்றிரண்டு ஓம்தான் வரும். 1.5 வோல்ட் செல்களை ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று சேர்த்துக்கொண்டே போய் ஒவ்வொரு முறையும் வோல்ட்டையும் ஆம்பியரையும் அளந்து வகுத்துப் பாருங்கள். மின்தடை படிப்படியாக ஏறுவது கண்ணுக்கு முன்னால் தெரியும். இயற்பியல் ஆசிரியர்கள் நைக்ரோம் கம்பிச் சோதனையோடு இதையும் சேர்த்துச் செய்ய வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாடு இருக்கிறது. வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் மின்தடை என்பது வரையறை. அது எந்தப் பொருளுக்கும், எந்த நொடியிலும் போடலாம். ஓம் விதி அதைவிடப் பெரிய கூற்று: வெப்பநிலை மாறாதவரை ஒரு உலோகக் கம்பியில் அந்த வகுத்தல் விடை வோல்டேஜைப் பொறுத்து மாறாது என்கிறது. ஜார்ஜ் சைமன் ஓம் இதைக் கண்டறிந்தபோது ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தார். அவரும் முதலில் பட்ட சிரமம் நாம் படுகிற அதே சிரமம்தான். அப்போதைய வோல்ட்டா அடுக்கு மின்கலம் கரண்ட் எடுக்க எடுக்கத் தளர்ந்துபோகும். வோல்டேஜ் நிலையாக நிற்காமல் கரண்டை மட்டும் அளந்து என்ன பயன்? பிறகு போகென்டார்ஃப் என்ற அறிவியலாளரின் யோசனைப்படி, பிஸ்மத்தும் செம்பும் இணைத்து, இரு சந்திகளின் வெப்பநிலை வித்தியாசத்தால் வோல்டேஜ் தரும் வெப்ப இரட்டைக்கு மாறினார். ஒரு சந்தி கொதிக்கும் நீரில், மறு சந்தி பனிக்கட்டியில். இரண்டின் வெப்பநிலையும் அசையாததால் வோல்டேஜும் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் கம்பியின் நீளத்துக்கும் கரண்டுக்கும் உள்ள உறவு சுத்தமாக வெளிப்பட்டது. 1827-இல் நூலாக வெளியிட்டார். உள்ளூரில் பெரிய வரவேற்பு இல்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841-இல் கோப்லி பதக்கம் கொடுத்தது. அதே 1841-இல்தான் ஜேம்ஸ் ஜூல், கம்பியில் உண்டாகும் சூடு கரண்டின் இருமடிக்கும் மின்தடைக்கும் ஏற்ப இருக்கும் என்ற தன் முடிவை வெளியிட்டார்.

பிளஸ் டூ மாணவர்களைக் குழப்பும் ஒரு கணக்கை இங்கேயே பார்த்துவிடலாம். 60 வாட் பல்பையும் 100 வாட் பல்பையும் தொடராக இணைத்து 230 வோல்ட் கொடுத்தால் எது பிரகாசமாக எரியும்? 60 வாட்தான். அதன் மின்தடை 882, மற்றதன் மின்தடை 529. இரண்டிலும் ஒரே கரண்ட் ஓடுவதால் மின்தடை கூடியதில் அதிக வாட். பாடப்புத்தக முறையில் போட்டால் கரண்ட் 0.163 ஆம்பியர், 60 வாட் பல்பில் 23 வாட், 100 வாட் பல்பில் 14 வாட். உண்மையில் நடப்பது இதைவிடக் கூடுதலான வித்தியாசம். இரண்டு இழைகளும் முழுச் சூட்டை எட்டுவதில்லை. 100 வாட் இழை இன்னும் குளிர்ந்து கிடப்பதால் அதன் மின்தடை மேலும் இறங்கி, வோல்டேஜின் பெரும்பங்கு 60 வாட் பக்கம் சாய்ந்துவிடும். விடையின் திசை சரி, எண்கள் தோராயம்.

அடுத்தது அந்த இரண்டு சூத்திரங்களின் முரண்பாடு. ஒன்றில் மின்தடையால் பெருக்குகிறோம், இன்னொன்றில் வகுக்கிறோம். முரண்பாடு போலத் தோன்றுவதற்குக் காரணம், இரண்டிலும் வரும் வோல்டேஜ், கரண்ட் எவை என்று கேட்காமல் விடுவதுதான். கீசருக்கு மெயின் போர்டிலிருந்து 20 மீட்டர் ஒயர் போகிறது என்று வையுங்கள். ஃபேஸும் நியூட்ரலும் சேர்த்து 40 மீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் என்றால் அந்த 40 மீட்டருக்கு மின்தடை சுமார் 0.69 ஓம். இதில் எவ்வளவு சூடு? சிலர் 230 × 230 ÷ 0.69 என்று போட்டு 76 ஆயிரம் வாட் என்று எழுதிவிடுகிறார்கள். அது ஒயரின் இரு முனைக்கும் முழு 230 வோல்ட் கொடுத்தால், அதாவது ஷார்ட் சர்க்யூட் ஆனால் வரும் எண். இங்கே ஒயருக்கு முழு வோல்டேஜ் கிடைப்பதில்லை. கீசர்தான் அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. ஒயரில் நமக்குத் தெரிந்தது கரண்ட்: 8.7 ஆம்பியர். எனவே 8.7 × 8.7 × 0.69 = 52 வாட். ஒயரில் விழும் வோல்டேஜ் 8.7 × 0.69 = 6 வோல்ட். இந்த 6 வோல்ட்டைப் போட்டு 6 × 6 ÷ 0.69 என்று கணக்கிட்டாலும் அதே 52 வாட்தான். முரண்பாடு போய்விட்டது. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயராக இருந்தால் மின்தடை 0.275 ஓம், இழப்பு 21 வாட், வோல்டேஜ் இறக்கம் இரண்டரை வோல்ட்டுக்கும் குறைவு. எலெக்ட்ரீஷியன் கீசருக்கு 2.5 கேட்டால் மறுக்காதீர்கள்.

வோல்டேஜ் நிலையாக இருந்தால் மின்தடை குறையக் குறையப் பவர் கூடும். கரண்ட் நிலையாக இருந்தால் மின்தடை கூடக் கூடப் பவர் கூடும். சாதனங்களுக்கு முதல் வகை, அவற்றுக்குப் போகும் ஒயருக்கும் ஜாயின்ட்டுக்கும் இரண்டாவது வகை. தளர்ந்துபோன சாக்கெட்டில் 0.3 ஓம் இருந்தால் 8.7 ஆம்பியரில் 23 வாட் சூடு அந்தச் சின்னப் பித்தளைத் துண்டில் உட்காரும். பிளக்கின் ஒரு முள் மட்டும் கருத்து, பக்கத்து பிளாஸ்டிக் உருகியிருந்தால் காரணம் இதுதான். மற்ற முள் புதிது போலவே இருக்கும், ஏனென்றால் அதன் பிடி இறுக்கமாக இருக்கிறது.

இதே கணக்கைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு வரும் நேர்மின்னோட்டத் தடத்தைப் பாருங்கள். சுமார் 1765 கிலோமீட்டர், 6000 மெகாவாட். ஒரு கம்பி பூமியைவிட 800 கிலோவோல்ட் மேலே, இன்னொன்று 800 கிலோவோல்ட் கீழே. இரண்டுக்கும் நடுவே 1600 கிலோவோல்ட். 600 கோடி வாட்டை 16 லட்சம் வோல்ட்டால் வகுத்தால் 3750 ஆம்பியர். வோல்டேஜை இதில் பாதியாக வைத்திருந்தால் கரண்ட் இரண்டு மடங்காகி, அதே கம்பியில் சூடாகப் போகும் இழப்பு நான்கு மடங்காகியிருக்கும். அவ்வளவு உயரமான வோல்டேஜுக்கு மெனக்கெடுவது இந்த இருமடிக்குப் பயந்துதான்.

மோட்டாருக்கு வருகிறேன். ஒரு குதிரைத்திறன் மோட்டாரின் ஓடும் காயிலை மல்டிமீட்டரில் அளந்தால் சில ஓம்கள்தான் இருக்கும். 3 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 ÷ 3 = 77 ஆம்பியர்! அப்படி ஓடினால் கரண்ட் மிஞ்சும்போது தானாக அணையும் எம்சிபி சுவிட்ச் நொடியில் விழும். உண்மையில் ஓடுவது ஐந்தாறு ஆம்பியர்தான். காரணம், காயிலில் கரண்டை எதிர்ப்பது செம்பின் மின்தடை மட்டுமல்ல. மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் காயிலுக்குள்ளேயே எதிர் வோல்டேஜை உண்டாக்குகிறது. சுழலும் ரோட்டாரும் அதற்குத் துணை செய்கிறது. ஆக 230 வோல்ட்டில் மிகச் சிறிய பங்குதான் அந்த 3 ஓமில் விழுகிறது. மோட்டார் கிளம்பும் நொடியிலும், ரோட்டார் சிக்கி நின்றுவிட்டாலும் இந்த எதிர்ப்பு வெகுவாகக் குறைந்து, வழக்கமான கரண்டைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு வரை பாயும்.

ஆகவே மோட்டாரில் காயில் மின்தடையை வைத்து மொத்தப் பவரைக் கணக்கிட முடியாது. ஆனால் அந்த 3 ஓம் வீணான எண்ணும் அல்ல. 5.5 ஆம்பியர் ஓடினால் 5.5 × 5.5 × 3 = 91 வாட்; ஓடும் காயிலின் செம்பு மட்டும் சூடாகும் அளவு அது. மொத்தப் பவருக்கு, ஒயரை வளையத்தால் கவ்வி கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் காட்டும் 5.5 ஆம்பியரையும் 230 வோல்ட்டையும் பெருக்கினால் 1265 வரும். அது வாட் அல்ல, வோல்ட்-ஆம்பியர். வோல்டேஜ் அலையும் கரண்ட் அலையும் ஒரே நேரத்தில் உச்சிக்குப் போவதில்லை, கரண்ட் பின்தங்குகிறது. அதற்காகப் பவர் ஃபேக்டரால் பெருக்க வேண்டும். 0.85 என்றால் 1075 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட்தானே என்று கேட்கலாம். அது தண்டில் வெளியே வரும் பவர், இது உள்ளே போகும் பவர். நடுவில் உள்ள வித்தியாசம் சூடாகவும் உராய்வாகவும் போகிறது.

கிளாம்ப் மீட்டரின் வளையத்துக்குள் ஒரு ஒயர் மட்டும் இருக்க வேண்டும். ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து போனால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதை ரத்து செய்து பூஜ்யம் காட்டும். ஃபேன் போன்ற சின்னச் சுமைக்கு, அந்த ஒற்றை ஒயரைப் பத்துச் சுற்று வளையத்துக்குள் சுற்றி, காட்டும் எண்ணைப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

பவர் ஃபேக்டர் தெரியாதபோது என்ன செய்வது? அதற்கும் வீட்டிலேயே கருவி இருக்கிறது, மின்வாரிய மீட்டர். அது பவர் ஃபேக்டரையும் சேர்த்துத்தான் உண்மையான வாட்டை அளக்கிறது. அதில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருப்பார்கள். பல மீட்டர்களில் 3200. ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல் என்பதால் 20 மினுக்குக்கு 22,500 ஜூல். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சோதிக்க வேண்டியதை மட்டும் போட்டு, 20 மினுக்குக்கு எத்தனை நொடி ஆகிறது என்று செல்போனில் பாருங்கள். முதல் மினுக்கைப் பூஜ்யம் என்று எண்ணத் தொடங்க வேண்டும். 22,500-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் வாட். உங்கள் கீசர் 230 வோல்ட்டில் 11.25 நொடி எடுக்கும். 200 வோல்ட்டில் 15 நொடி. மோட்டாருக்கும் ஃபேனுக்கும் இது அப்படியே பொருந்தும். எந்த ஒயரையும் தொட வேண்டியதில்லை என்பதால் வீட்டில் பிள்ளைகளையும் செய்ய வைக்கலாம்.

கடைசியாக, கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வோல்டேஜையும் கரண்டையும் வைத்து மின்தடை காண்பதன் முழுப் பயனும் இங்கேதான் தெரியும். மிகச் சிறிய மின்தடையை மல்டிமீட்டரின் ஓம் பகுதியால் அளக்கவே முடியாது. மீட்டரின் ஒயர்களுக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும். வீட்டு இன்வெர்ட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 600 வாட் சுமை, 85 சதவீதத் திறன் என்றால் பேட்டரியிலிருந்து 706 வாட் எடுக்க வேண்டும். 12 வோல்ட்டில் அது 59 ஆம்பியர். பேட்டரி முனைக்கும் அதில் மாட்டியிருக்கும் லக்குக்கும் (ஒயர் நுனியில் உள்ள உலோகத் துண்டு) நடுவே உப்புப் பூத்துத் தளர்ந்திருந்தால் அந்த இடத்தின் மின்தடை 0.01 ஓம் இருக்கலாம். ஓம் மீட்டருக்கு அது பூஜ்யம். ஆனால் சுமை ஓடும்போது, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளைப் பேட்டரியின் ஈய முனையிலும் மறு முள்ளை லக்கிலும் வைத்தால் 0.6 வோல்ட் காட்டும். 0.6 ÷ 59 = 0.01 ஓம். அங்கே எரியும் பவர் 0.6 × 59 = 35 வாட்; ஒரு சால்டரிங் அயர்ன் அளவு சூடு. மீட்டர் ஒயர்களின் மின்தடை இந்த அளவீட்டில் குறுக்கே வராது, ஏனென்றால் அவற்றின் வழியாக அந்த 59 ஆம்பியர் ஓடவில்லை. ஆய்வகங்களில் நான்கு முனை அளவீடு என்பதும் இதே உத்திதான்.

இன்வெர்ட்டரை நிறுத்திவிட்டு லக்கைக் கழற்றித் தேய்த்துச் சுத்தம் செய்து இறுக்குங்கள். மறுபடி அதே சுமையில் அளந்தால் 0.05 வோல்ட்டுக்குக் கீழே வர வேண்டும், அதாவது அந்த ஜாயின்ட்டில் 3 வாட்டுக்கும் குறைவு. இந்த 12 வோல்ட் பக்கத்தை நீங்களே அளக்கலாம். ஸ்பேனர் இரண்டு முனையிலும் ஒருசேரப் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கீசர் சாக்கெட்டில் மின்சாரம் ஓடும்போது இதைச் செய்யாதீர்கள். அங்கே பத்து நிமிடம் ஓடிய பிறகு சுவிட்சை அணைத்து, பிளக்கின் பிளாஸ்டிக் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு என்றால் பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் எலெக்ட்ரீஷியனை அழைத்து சாக்கெட்டையும் பிளக்கையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையதன் தளர்வு புதியதையும் கெடுத்துவிடும்.